கழுத்தைத் தாங்கிய கைகள்

எங்கள் குடும்பத்தில் எவரும் கதை கட்டியதில்லை. 1984இல் போடியில், பட்டப்பகலில் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அந்த வருஷம் சட்டைப் பொத்தான் போட என் விரல்களுக்கு வரவில்லை. நடந்தால் கால் பின்னியது. நான் குடிக்கிறேன் என்று பங்காளி வெள்ளைத்துரை ஊரெல்லாம் சொன்னான். மதுரை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெரிக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடும் என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒச்சப்பன். மலைமேல் எங்கள் ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் தலைச்சுமை தூக்கியவன். அவனுக்கும் அதே நோய், என்னைவிட முற்றியது. வியாழக்கிழமை ஆபரேஷன் அவனுக்குத்தான் குறித்திருந்தார்கள். ஆள் வைத்துப் பேசி எனக்கு மாற்றினேன்.

"மொதலாளி, கை செத்துக்கிட்டே வருது. என்னைய முந்த விடுங்க."

"மூட்டை தூக்குறவனுக்கு என்னடா அவசரம்? எனக்குக் கோயில்ல பரிவட்டம் காத்திருக்கு."

சொன்னது சொன்னதுதான். அவன் முறை வருவதற்குள் கைகால் விழுந்துவிட்டன. இனிப் பயனில்லை என்று மலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று மாதம் கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது என்றார் டாக்டர். நாற்பதாம் நாள் திருவிழா. உடம்பில் குறை உள்ளவனுக்குப் பரிவட்டம் கட்டுவதில்லை என்பது எங்கள் கோயில் வழக்கம். பட்டையோடு போனால் அது வெள்ளைத்துரைக்குப் போய்விடும். ஏழு தலைமுறை மரியாதை. கோயில் வாசலில் பட்டையைக் கழற்றிக் காருக்குள் போட்டேன்.

மணி பதினொன்று இருபது. பூசாரி என் தலையில் துணியைச் சுற்றி இறுக்கினார். கழுத்துக்குள் ஏதோ நகர்ந்தது... விரல் நுனிவரை வெட்டி இழுத்தது. முழங்கால் மடங்கியது. எதிரே வெள்ளைத்துரை சிரித்தான்.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் பிடரியைப் பிடித்தன.

காய்ப்பேறிய கைகள். சில்லென்று இருந்தன.

மகன் காசிமாயன் என்று நினைத்தேன்.

காசிமாயன் எனக்கு முன்னால் நின்றான்.

திரும்ப முடியவில்லை...

கைகள் என்னை நிமிர்த்தின. பரிவட்டத்தோடு நின்றேன்.

பிறகு, மெல்ல அழுத்தின...

கடக்.

எனக்கு மட்டும் கேட்டது. அன்று விழுந்த என் கைகள் இன்றுவரை எழவில்லை. நான் சொல்ல, இதைக் காசிமாயன்தான் எழுதுகிறான்.

மூன்றாம் நாள் ஒச்சப்பன் பெண்டாட்டி மருதாயி வந்தாள். திருவிழா அன்றே அவன் போய்விட்டானாம். நேரம் கேட்டேன். தோட்டத்துக் கங்காணி கடிகாரம் பார்த்தாராம். பதினொன்று இருபது.

"ஒரு மாசமா அசையாத கை, மொதலாளி. சாகுறப்ப மேல எந்திருச்சுச்சு. எதையோ பிடிச்சாப்ல விரலு மடங்கிருச்சு. கட்டைவிரலச் சேத்துக் கட்டக்கூட முடியல. நடுவுல ஒரு கழுத்து அளவுக்கு எடம்... அப்படியே பொதைச்சோம்."