மூன்றாவது பாட்டில்

போன வாரம் இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன்... இரண்டு வரியோடு எழுந்துவிட்டேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கார் பன்னிரண்டு வயது டீசல் வண்டி. கணவர் குவைத்தில். அவர் லீவில் வரும் ஒரு மாதம்தான் அது ரோட்டைப் பார்க்கும். மற்ற மாதமெல்லாம் ஷெட்டில், கவர் போட்டு. அறந்தாங்கிப் பக்கம் இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை கார்கள்!

சும்மா விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, பொட்டு வைத்து, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறும விடுவேன். அவர் உத்தரவு. கொஞ்ச நாளாக இன்ஜின் உதறியது. கரும்புகை வேறு. பழைய வண்டி — அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து நாளுக்கு முன்பு, மதியம். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இளைப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் இப்படி வந்ததில்லை. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. வீட்டில் கார் நிற்கிறது, எனக்கு ஓட்டவும் தெரியும்... வேறென்ன யோசிப்பேன்? அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து அறந்தாங்கிக்குக் கிளம்பினேன்.

ஏழு கிலோமீட்டர் ஓடியது. இழுவை குறைந்தது. அணைந்தது.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. திருப்பினேன். மறுபடி திருப்பினேன். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பின்னால் அவள் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தமும் குறைந்தது. குறைந்தால் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்.

108-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கட்டுமாவடியிலிருந்து வந்த மீன் வண்டி ஒன்று பிரேக் போட்டது.

“என்னக்கா, வண்டி படுத்துருச்சா?” என்று எட்டிப் பார்த்த டிரைவர், பிள்ளையைக் கண்டதும் கதவைத் திறந்துவிட்டார். “ஏறுங்க, ஏறுங்க! மீன் நாத்தத்தப் பாக்காதீங்க!”

பிழைத்துக்கொண்டாள்.

காரை அறந்தாங்கி மெக்கானிக் கட்டி இழுத்துப் போனார். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கு. ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வழியும் டீசலைப் பிடிக்க ஒரு சின்ன பாட்டில் மாட்டி, இன்ஜினைச் சுற்றவிட்டார். மற்றவற்றில் அடிதான் நனைந்தது. மூன்றாவது பாட்டில் மளமளவென்று நிறைந்தது.

“பாத்தீங்களாக்கா? உள்ள போக வேண்டிய டீசல் இங்கிட்டு வழியுது. பிரஷர் எப்புடி ஏறும்? சூடாச்சுன்னா படுத்துரும். எம்புட்டுத் தூரம் ஓட்டுவீங்க?”

“ஓட்ட மாட்டேன். வெள்ளிக்கெழம ஸ்டார்ட் மட்டும் பண்ணி விடுவேன்.”

சிரித்துவிட்டார். “சாமி கணக்கா வச்சிருக்கீங்க! கெடந்த டீசல்ல தண்ணி கோத்து, உள்ள அரிச்சிருக்கு. ஓட்டாம உறும விட்டதுல கரி வேற. பொட்டு வைக்காட்டியும் பரவால்ல, வாரம் ஒருக்கா அறந்தாங்கி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க.”

டேங்கைக் காலி செய்தார். ஃபில்டரோடு அந்த இன்ஜெக்டரையும் மாற்றினார். மற்றவற்றைச் சுத்தம் செய்து போட்டார்.

கணவர் போனில் கத்தினார். “நான் சொன்ன மாதிரி வாராவாரம் ஸ்டார்ட் பண்ணுனியா இல்லையா?”

“பண்ணுனேங்க. அதுதான் தப்பாம்.”



ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. “மூணு நாளாவே இளைச்சிருக்குமே, கவனிக்கலையாம்மா?” நான் மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

“சொன்னா வாலிபால் மேட்சுக்கு விட மாட்டீல்ல... அதான் தலகாணிய வச்சு அமுக்கிக்கிட்டு இருமுனேன்.”

கார்கூடப் புகை விட்டுச் சொன்னது. ஒரு தும்மலுக்கே ஸ்கூல் பையைப் பிடுங்கி வைக்கும் அம்மாவிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? எந்த பாட்டிலை மாட்டி நான் கண்டுபிடிப்பேன்?

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. மகளிடம் தினமும் காலையில் கேட்கிறேன். “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்கிறாள்.

அன்றைக்குக் காலையிலும் அதைத்தான் சொன்னாள்.