வலது கையில் கட்டிய வாட்ச்

ஓட்டல் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஸ்திரியக்கா என்றால் போதும். ஆள் வாட்டசாட்டம். வாயும் அப்படித்தான். "நான் ஒரு ஓரமா உக்காந்தா கட்டில் மறு ஓரத்துல எழுந்து நிக்கும்" என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு, மற்றவர்களுக்கு அந்த வேலையை மிச்சம் வைக்காதவள்.

அவள் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. லாரி மெக்கானிக், பாட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். எங்கிருந்தோ வந்த ஒரு கிருமி வேலையைக் காட்டிவிட்டது. சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பான் என்றார்கள். பரிசோதனையில் பொருந்தியது அக்காதான். ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு.

"பன்னிரண்டு வாரத்துல ஆறு கிலோ குறையணும், கொழுப்பு இறங்கணும். அதுக்கு மேல அவர் தாங்கமாட்டார்மா" என்றார் டாக்டர்.

தம்பி அவளுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான். நடந்தால், வேலை செய்தால் எத்தனை கலோரி எரிந்தது என்று காட்டும். "பட்டினி கிடந்து மயங்கி விழுந்துடாதக்கா. எவ்வளவு எரிக்கிறியோ அவ்வளவையும் சேர்த்துச் சாப்பிட்டுக்க" என்றான். அவனுக்கு யாரோ சொன்னது. அவள் இடது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு, பட்டை உரசினால் காந்தும். அதனால் வலது கையில் கட்டிக்கொண்டாள்.

விடிகாலையில் ஒரு மணி நேரம் நடை. பிறகு கூடத்தில் மலைமலையாக விரிப்பு, போர்வை, தலையணை உறை. சாயங்காலம் பார்த்தால் வாட்ச் தொள்ளாயிரம் காட்டும். வாட்சே சொல்லிவிட்ட பிறகு என்ன? ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக்கு மேல் இரண்டு கரண்டி சோறு, முட்டை, பிஸ்கட், வாழைப்பழம் என்று ஒரு பிடி பிடித்தாள். ஐந்து வாரம் கழித்து எடை பார்த்தபோது குறைந்திருந்தது முக்கால் கிலோ.

சாப்பாட்டு அட்டவணை போடுகிறவள் சின்னப் பெண். வாட்சைப் பார்த்தாள், அது இருந்த கையைப் பார்த்தாள். "இஸ்திரிப்பெட்டி பிடிக்கிற கை இதுதானேம்மா? நீங்க கையை இழுக்கிறப்பல்லாம் இது நீங்க நடக்கறதா நினைச்சுக்குது. சரியாக் கட்டினாலே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். உங்க வேலை, நடை எல்லாத்தையும் சேர்த்துதான் நான் சாப்பாடு எழுதியிருக்கேன். அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

வெளியே வராந்தாவில் தம்பி மனைவி காத்திருந்தாள். முக்கால் கிலோ என்றதும் அவள் முகம் கறுத்தது. "மனசில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க அண்ணி. நான் வேற வழி பாத்துக்கறேன்."

வேறொரு நாளாக இருந்தால் இஸ்திரியக்கா அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று பழியை வாட்ச் மேல் போட அவளால் முடியவில்லை. லீவு நாளிலும் அதே நடைதான் நடந்தாள். ஆனால் வாட்ச் இருநூற்றைம்பதைத் தாண்டியதில்லை. நின்ற இடத்தில் பெட்டியை இழுத்ததற்கா மீதி அறுநூற்றைம்பது? முதல் வாரமே அதைக் கவனித்துவிட்டாள். கவனித்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. எடை குறையாவிட்டால் குற்றம் உடம்பின் மேல் போய்விடும், அவள் மேல் இல்லை. இத்தனை கேவலமான நினைப்பை ஐந்து வாரம் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

"மனசு இருக்கும்மா. பயம்" என்றாள். "கத்திக்குப் பயந்துதான் தின்னேன்."

தம்பி மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழுதாள். மறுநாள் விடியும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வாங்க அண்ணி, நடக்கலாம்."

அதற்கப்புறம் தினமும் இருவர் நடை. பாதித் தூரம் பேச்சே இருக்காது. வாட்சைக் கழற்றி அலமாரியில் போட்டாயிற்று. நாலு மணிக்குக் கூடத்தில் வயிறு கூப்பாடு போடும். தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள்.

பன்னிரண்டாவது வாரம் தம்பிக்குக் கண் முழுக்க மஞ்சள். வயிறு வீங்கி, பேச்சு குழறியது. இஸ்திரியக்கா ஆறேகால் கிலோ குறைந்திருந்தாள். ஸ்கேனில் கொழுப்பும் இறங்கியிருந்தது. டாக்டர் தம்பி மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஈரல் குடுக்கிற எல்லார்கிட்டயும் இப்படித் தனியாக் கேப்போம்மா. பயமா இருந்தா இப்பவே சொல்லலாம். உங்க உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும்தான் வெளியே சொல்லுவோம். காரணம் யாருக்கும் தெரியாது, உங்க தம்பிக்கும்தான்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஐந்து வாரம் தின்று தீர்த்தாள். இப்போது அதைக் கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள். நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு டாக்டர்" என்றாள். "கையெழுத்து எங்க போடணும்?"