எட்டாம் வகுப்பின் வலைப்பூ

ஞானாம்பிகை ரீச்சர் யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்கு அருகே ஒரு சின்னப் பாடசாலையில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அந்த முப்பதிலும் எது நல்ல வருடம் என்று கேட்டால், யோசிக்காமல் 2013 என்பார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் வலைப்பூ தொடங்கிய வருடம் அது.

பாடசாலையில் உருப்படியாக வேலை செய்த கணினி ஒன்றே ஒன்று. அதனால் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். ரீச்சர் வீட்டில் சோறு வேகும் நேரத்தில் ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டச்சுச் செய்து ஏற்றுவார். திங்கட்கிழமை வகுப்புக்குள் கால் வைத்ததும், "எனக்கு எத்தினை பின்னூட்டம் ரீச்சர்?" என்று முப்பத்திரண்டு வாயும் கேட்கும். நோர்வேயிலும் கனடாவிலும் இருந்த ஊர்க்காரர் வாசித்துவிட்டு எழுதுவார்கள். றஜிந்தன் என்ற மாணவன் எங்கேயோ பார்த்து எழுதிய பனைமரக் கட்டுரையின் குட்டை உடைத்ததும் ஒரு நோர்வேக்காரர்தான். அந்தத் திங்கட்கிழமைச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் ரீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கஜந்தினியை நினைத்தால் மட்டும் அதே நெஞ்சு சுருங்கும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்காகக் கதைப்பதில்லை என்றும், கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று அப்பா சொல்வதைக்கூடத் தானே குசினியில் சமைக்கும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொல்வதாகவும் எழுதினாள். நாற்பத்தொரு பின்னூட்டம் வந்தது. கனடாவிலிருந்த அவளுடைய பெரியம்மாவும் வாசித்துவிட்டார். வீட்டுக் கதை ஊர்க் கதையாயிற்று. தாய் பாடசாலைக்கே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். பயந்துபோன ரீச்சர், தான் பாராமல் எந்தப் பின்னூட்டமும் வெளிவராதபடி பூட்டினார். பிறகு வலைப்பூப் பக்கமே போகவில்லை. வகுப்பில் அவள் முகத்தைப் பார்ப்பதையும் தவிர்த்தார். கஜந்தினி எழுதுவது அதோடு நின்றது. அந்தப் பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டது தாயா, தானா என்ற கேள்வி மட்டும் ரீச்சரை விட்டுப் போகவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கஜந்தினி வீடு தேடி வந்தாள். இருபத்தைந்து வயது, உடுவிலுக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

"கலியாணம் சரிவந்திருக்கு ரீச்சர். மாப்பிள்ளை பகுதி கனடா. அவையள் இணையத்தில என்ர பேரைப் போட்டுத் தேடிப் பாப்பினம் எண்டு அம்மா பயப்பிடுறா. அந்தக் கட்டுரையை எடுத்துவிடுவியளோ?"

"ஓம் பிள்ளை, இப்பவே எடுப்பம்."

பழைய நாட்குறிப்பில் கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து ரீச்சர் வலைப்பூவுக்குள் போனார். அனுமதிக்காக ஒரு பின்னூட்டம் காத்திருப்பதாகத் திரை காட்டியது. திகதி 2013 ஒக்ரோபர்.

"ரீச்சர், அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுறன். இன்னொண்டு எழுதி வைச்சிருக்கிறன். வீட்டைப் பற்றி இல்லை. தரலாமோ? கஜந்தினி."

"நான் இதைப் பாக்கவேயில்லை பிள்ளை."

கஜந்தினியும் குனிந்து வாசித்தாள். "மார்கழி லீவு வரைக்கும் ஒவ்வொரு நாளும் நெற் கஃபேக்குப் போய்ப் பார்த்தனான். பிறகு உங்களுக்கும் கோபம் எண்டு நினைச்சு, எழுதினதைக் கிழிச்சுப் போட்டன்."

அவள் குரலில் குறைப்படும் தொனியே இல்லை. அதுதான் ரீச்சரைச் சுட்டது. இத்தனை வருடமும் பாதியைத் தாயின் தலையில் போட்டுவைத்திருந்த பழி, முழுதாகத் தன்மேல் வந்து இறங்கியதை உணர்ந்தார்.

"எதைப் பற்றி எழுதினனீர்?"

கஜந்தினி திரையிலிருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"ஞாபகமில்லை ரீச்சர். உந்தப் பின்னூட்டத்தையும் சேர்த்து அழிச்சுவிடுங்கோ."