வளைந்த தட்டோடு பூந்தமல்லி வரை

இசைத்தட்டைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, மொட்டைமாடியில் வடாம் காயும் துணியிலேயே காயப்போட்ட ஒரே மேதை நான்தான். ஆவடி வெயில் ஒரு மணி நேரத்தில் அதை அப்பளமாக்கிவிட்டது. தட்டு என் மாமனாருடையது. முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டை ஞாயிறு தவறாமல் போடுவார். போன வருடம் அவர் போய்விட்டார். மனைவி மலர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். எட்டு நாளாக "சாப்பாடு இருக்கு" என்ற இரண்டு சொற்கள்தான். அதே தட்டு நல்ல ஒலியோடு கிடைத்தால் மூன்றாவது சொல் வரலாம் என்று கிளம்பினேன். அடையாளத்துக்கு வளைந்த தட்டும் பையில்.

காலை 9.10. ஆவடியில் மின்ரயில், ஐந்து ரூபாய். மூன்றாவது நிறுத்தம் அம்பத்தூர்.

10.00. மாடி வீட்டில் தட்டு விற்பவர், அதே தட்டின் உறை பிரிக்காத புது அச்சை நீட்டினார். 3,200 ரூபாய். போட்டுக் காட்டச் சொன்னேன். பாடகி தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு உதவி கேட்பது போலிருந்தது.

"செல்போன்ல இருக்கறத அப்படியே தட்டுல ஏத்திட்டாங்களோ?"

"ஷோகேஸ்ல வெச்சா சூப்பரா இருக்கும் சார்" என்றார். என் முகத்தைப் பார்த்து இரங்கி, பழைய அச்சுக்குப் பூந்தமல்லியில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடும் ஒரு பாயின் முகவரி தந்தார்.

11.20. ஆட்டோ, 350 ரூபாய். திருவேற்காடு, வேலப்பன்சாவடி, நூம்பல் வழியாக ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர். ஓட்டுநர் பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் அது, இப்டி நெளிஞ்சுகினு கீது?"

சொன்னேன்.

"பாட்டுதான? போன்ல ஓசில வருதே!"

பையின் வாயை இழுத்து மூடினேன்.

12.30. பூந்தமல்லி. பாயின் கிடங்கில் குழாய் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் அதே தட்டு இருந்தது! பழைய அச்சு, நானூறு ரூபாய். ஊசியை வைத்தார். மூன்றாவது பாட்டு முழுக்க யாரோ வடை சுட்டார்கள்.

"எத்தினி கல்யாணம் பாத்த தட்டு நைனா! தேயாம இன்னா பண்ணும்?"

திருப்பிப் போட்டார். எனக்குப் புல்லரித்தது. பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது.

"இது எப்படி பாய் புதுசு மாதிரி?"

"அது பூரா அழுவுற பாட்டு. கல்யாண ஊட்ல அத்தப் போட்டா உதைக்க மாட்டான்? எந்த மைக் செட்டுக்காரன்கிட்ட போனாலும் உனக்கு இப்டித்தான் கெடைக்கும்."

ஆக, எனக்கு வேண்டிய பக்கம் இந்த வட்டாரத்துக் கல்யாணங்களிலெல்லாம் தேய்ந்து முடிந்துவிட்டது. வேறெங்கும் போய்ப் பயனில்லை. அப்போதாவது பேசாமல் திரும்பியிருக்கலாம். நான் நானூறைக் கொடுத்துவிட்டு மலரை அழைத்து, இரண்டாம் பக்கம் ஓடும்போது போனை ஒலிபெருக்கியருகே பிடித்தேன்.

"கேட்டியா மலர்? எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு! வாங்கிட்டேன்."

பாட்டை அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்பா அந்தப் பக்கம் போட்டதே இல்ல."