அலாரம் டீச்சர்

அந்தத் தெருவில் அவள் பேரைக் கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். அலாரம் டீச்சர் என்றால் பச்சைக் குழந்தைகூட கை காட்டும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலர் பள்ளியின் தகரக் கதவைக் கடகடவென்று தூக்குவாள். அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் யார் தூங்குவது?

பள்ளி நேரம் என்னவோ ஒன்பதரைதான். ஆனால் தெருக் கூட்டும் அம்மாக்களுக்கு ஐந்தரைக்கே வேலை. டீச்சரின் அம்மாவும் தெருக் கூட்டினவள்தான். சின்னப் பிள்ளையாக இருந்த இவளை வீட்டுக்குள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அந்தப் பூட்டுச் சத்தம் நாற்பது வருஷமாகியும் டீச்சரின் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் யாரும் சொல்லாமலே பதினோரு வருஷமாக ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறாள்.

அந்நேரத்துக்கு வரும் பிள்ளைகள் பாடி, பொத்தான் கோத்து, கதை கேட்டுவிட்டு, பத்து மணிக்குச் சுருண்டுவிடுவார்கள். பாலர் பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியம்மா ஒருநாள் வந்ததோ பத்தேகாலுக்கு. இருபத்திரண்டு பேரும் பாயில்.

"இது பள்ளிக்கூடமா, படுக்கிற இடமா? எழுப்புங்க. முழிச்சிருக்கிற பிள்ளையத்தான் நான் எண்ண முடியும். இருபது இல்லேன்னா இதை மூடிட்டு, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோட சேர்த்துடுவாங்க."

அந்தப் பள்ளி ஒன்பதரைக்கு முன்னால் திறக்காது. அப்படியானால் மறுபடியும் பூட்டுதான். ஆனாலும் அசந்து தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்பிக் கணக்குக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"எழுப்ப மாட்டேன் மேடம். நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து எண்ணிக்கோங்க."

"காலையிலயா?"

"மூணு வயசுப் பிள்ளைங்க வருதே."

மறுநாள் மேடம் வந்தே விட்டார், அரைக் கண்ணோடு. பிள்ளைகள் பொத்தான்களை நிறம் பிரித்து, எண்ணி, நூலில் கோத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு பேர். மேடம் கொட்டாவி விட்டார். ஒரு வாண்டு எழுந்து வந்து பாயைத் தட்டிப் போட்டது.

"உங்கம்மாவும் கூட்டப் போயிட்டாங்களா? இங்க படுத்துக்கோங்க. டீச்சர் திட்ட மாட்டாங்க."

மேடம் பேனாவை எடுத்தார். படிவத்தில் பள்ளி நேரம் என்ற இடத்தில் ஒன்பதரையை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனபோது டீச்சர் காகிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அஞ்சு மணிக்கு இன்னொரு ஆளும் வேணும்னு சேர்த்து எழுதுங்க மேடம். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தா, இருபத்திரண்டு வீட்டுல பூட்டு."

மேடம் அதையும் எழுதினார்.