உடைந்த ஊசியின் மறுபாதி

தையல் பெட்டியை ஒழுங்கு செய்தபோதுதான் வேதவதி அதைப் பார்த்தாள். காது மட்டும் இருக்கும் பாதி ஊசி. கூர்ப்பாதியைக் காணவில்லை. பெட்டியைக் கவிழ்த்தாள், பாயை உதறினாள், தரையைத் துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தாள். இல்லை.

திங்கட்கிழமை கடைசித் தையல் போடும்போது ஊசி வழுக்கியதும், வேறு ஊசி எடுத்துக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் தைத்தவை, ஊசிகளைக் குத்தி வைக்கும் இருபத்துநாலு பின்குஷன்கள். அவற்றில் ஏதோ ஒன்றுக்குள்தான் கூர்ப்பாதி போயிருக்க வேண்டும். திருச்சியில் பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்கு. தையல் வகுப்பு நடத்தும் மிஸ் அமிர்தராஜ்தான் ஃபெல்ட் துணியைக் கொடுத்தனுப்பியிருந்தார். நெய்யாமல் கம்பளியை அழுத்திச் செய்த துணி. எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது. சிவப்பிலும் பச்சையிலும் மாங்காய் வடிவமாக வெட்டி, உள்ளே மரத்தூள் அடைத்துத் தைத்திருந்தாள். அன்று காலையில் கச்சேரி உத்தியோகத்துக்குப் போகிற வழியில் அவள் கணவர் சௌரிராஜன் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு விழா. இப்போது மணி ஒன்றரை.

"குத்தினா குத்தட்டும். ஊசி குத்தி வைக்கிற சாமான்தானே அது?" என்றாள் மாமியார் அரவிந்தவல்லி.

"சின்னக் குழந்தைகள்மா. கையில வச்சு அமுக்கும். கன்னத்துல வச்சுக்கும்."

"கொடுத்தாச்சு. இனிமே அது அவா பொருள். நீ போய்ச் சொன்னா, அடுத்த தடவை யாரு உன்கிட்ட வேலை கொடுப்பா?"

அந்தப் பயம் வேதவதிக்கும் இருந்தது. இருபத்தாறு வயதில் அவளுக்கென்று வெளியிலிருந்து வந்த முதல் வேலை அது. ஆனாலும் பாதி ஊசியை முந்தானையில் முடிந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். தனியாக அவள் காவேரிப் பாலத்தைத் தாண்டியதே இல்லை.

கோயிலில் பகல் பத்து உற்சவக் கூட்டம். உத்திர வீதியில் அவள் ஏறிய ஜட்காவின் குதிரையால் நகர முடியவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க!" என்று வண்டிக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். பாலத்தின் நடுவில் சரக்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அச்சு முறிந்து நின்றது. வேதவதி இறங்கி, மறுகரை வரை நடந்து, அங்கே வேறொரு ஜட்கா பிடித்தாள்.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மணி மூன்றரை. ஹாலில் வர்ணக் காகிதத் தோரணம் கட்டியிருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மேஜைமேல் அவளுடைய மாங்காய்கள் அடுக்கியிருந்தன.

"மிஸ், அதைக் கொடுக்காதீங்கோ. ஒண்ணுக்குள்ள உடைஞ்ச ஊசி இருக்கு."

மிஸ் அமிர்தராஜின் முகம் இறுகியது. "எதுல?"

"தெரியலை."

"பிரிச்சுப் பார்க்க நேரம் இல்லையேம்மா. இந்தப் பிள்ளைங்களுக்கு வேற பரிசு கிடையாது."

வேதவதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஜையைப் பக்கத்து அறைக்குத் தள்ளச் சொன்னாள். முதல் மாங்காயை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். திருப்பி வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. அடுத்தது.

"என்ன பண்றீங்க?" என்று மிஸ் பதறினார். வேதவதி நிமிரவில்லை. ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றிலும் இப்போது குத்தும், இப்போது குத்தும் என்று தோள் விறைத்தது. குத்தாமல் போனபோது இன்னும் பயமாக இருந்தது. ஹாலில் பாட்டுத் தொடங்கிவிட்டது.

பதினேழாவதை அழுத்தியதும் "அம்மா!" என்று கத்திவிட்டாள். வலது கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஊசிமுனை ஆழமாக இறங்கியிருந்தது.

மிஸ் அமிர்தராஜ் இடுக்கியால் அதைப் பிடுங்கியெடுத்து, அயோடின் தடவிக் கட்டுப் போட்டார். வேதவதி உடைந்த காதுப்பாதியை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அப்புறமும் மீதி ஏழையும் இடது கையால் அழுத்தி முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

இருபத்துமூன்று பரிசுகள் ஹாலுக்குப் போயின. கடைசிப் பெண்ணுக்கு மிஸ் தன்னுடைய புதுக் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

அவள் தனியாகப் போனதற்காக சௌரிராஜன் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார். கை வீங்கி, பத்து நாள் அவளால் கோலமாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஜனவரியில் மிஸ்ஸிடமிருந்து கடிதம் வந்தது: வாரத்தில் மூன்று நாள் வந்து தையல் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று.

அரவிந்தவல்லி கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "போய்ட்டு வா. ஆனா ஜட்காவை முன்னாடியே பேசி வச்சுக்கோ" என்றாள்.