யார் பெயரைப் போடுவது

டனீடின் நகரில் எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ரொவீனா பிக்கரிங் நல்லவள் என்பார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சீஸ் ரோல் சுட்டுக் கொண்டுவருவாள். யார் நிரலில் பிழை வந்தாலும் முகம் சுளிக்காமல் கூட உட்காருவாள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

நாங்கள் எழுதுவது கெர்னல், கணினி இயங்குதளத்தின் கருப்பகுதி. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் கொடிகள் என்று சில அடையாளக் குறிகள் உண்டு: திருத்தாதே, காப்புநகல் எடுக்காதே, இப்படி. கொடிக்கு ஓர் எண். நிரலின் மேலடுக்கு ஒரு விதமாக எண் கொடுக்கும், கோப்பை வட்டில் எழுதும் வட்டு அடுக்கு வேறு விதமாக. இடையில் மாற்றித்தர வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் அந்த இடைப்பகுதியை எழுதியவள் ரொவீனா. அன்றைக்கு இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றாக இருந்தன என்று மாற்றாமல் அப்படியே கடத்திவிட்டாள். சோம்பல், வேறென்ன.

போன வருடம், எங்களோடு வேலை செய்யும் டோங்காக்காரன் செமிசி, மேலடுக்கில் புதுக் கொடி ஒன்று சேர்த்தான். எண் 64. வட்டு அடுக்கில் 64 என்றால் காப்புநகல் எடுக்காதே. ரொவீனாவின் இடைப்பகுதி அதையும் மாற்றாமல் கடத்தியது. ஓர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கொடி ஏறிய கோப்புகளுக்கு நகலே எடுக்கப்படவில்லை. வட்டு பழுதானபோது முன்னூறு டோங்காப் பாட்டுப் பதிவுகள் அதோடு போயின.

ரொவீனா அரை நாளில் சரிசெய்தாள். பிழையைக் கொண்டுவந்த மாற்றம் எது, யாருடையது என்று திருத்தத்தின் அடியில் ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். அது காலத்துக்கும் அழியாது. செமிசியின் மாற்றத்தைப் போட்டிருந்தாள். சரிபார்க்க வேண்டியவன் நான்.

"இந்தத் தப்பு உன்னோடதுதானே?" என்றேன்.

"அவன் சேக்குற வரைக்கும் ஒண்ணும் உடையலையே. எதுலேர்ந்து உடைஞ்சதுன்னு தேடிப் பாத்தப்பவும் அவன் மாத்தம்தான் வந்துச்சு."

"எப்ப உடைஞ்சதுன்னுதான் அது காட்டும். ஏன் உடைஞ்சதுன்னு உனக்குத் தெரியும்."

"ரிட்டயராக ஏழு மாசம் இருக்கு, ஃபெர்கஸ். நிரல் சரியா இருக்கான்னு மட்டும் பாரு."

நிரல் சரியாகத்தான் இருந்தது. என் பெயரைப் போட்டு ஒப்புதல் கொடுத்தேன். அந்த ஒப்புதலை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

செமிசி காப்பகத்துக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். போன பதிவுகளில் அவன் அத்தை பாடியதும் இருந்ததாம். திங்கட்கிழமை எங்கள் மேசைக்கு வந்து நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா இன்னும் எத்தன போயிருக்குமோ. இனிமே நான் எழுதுற எதையும் நீங்க பாக்காம உள்ள விடாதீங்க. எனக்கே என்மேல நம்பிக்க இல்ல."

ரொவீனா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி, செமிசி," என்று சொன்னது நான்தான்.